பீங்கான் எலும்பில் ஒட்டுமா? செராமிக் பல் இம்ப்ளாண்ட் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 56 வயது. மேல் முன்பல் ஒன்று வேரில் விரிசல் விட்டு, எடுத்தாயிற்று. அந்த இடத்தில் வெள்ளை நிற செராமிக் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேர், வைக்கலாம் என்கிறார் பல் டாக்டர். சொந்தக்காரர் ஒருவரோ, "பீங்கான் எலும்பில் ஒட்டாது, டைட்டானியம்தான் ஒட்டும்" என்று பயமுறுத்திவிட்டார். யார் சொல்வது சரி?

நான் ஈறும் தாடை எலும்பும் சம்பந்தப்பட்ட வைத்தியம் பார்க்கிற பல் மருத்துவன். இந்தக் கேள்வி என்னிடம் வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. சுருக்கமாகச் சொன்னால், இன்றைய செராமிக் இம்ப்ளாண்டை எலும்பு நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். அதன் மேற்பரப்பு சரியான அளவுக்குச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், முதல் சில வாரங்கள் அது அசையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால், உள்ளே இருப்பது டைட்டானியமா, இன்றைய செராமிக் இம்ப்ளாண்ட் செய்யப்படும் ஜிர்கோனியாவா என்பதை எலும்பு பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. செராமிக்கில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சொந்தக்காரருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஜிர்கோனியாவில் எலும்பு ஒட்டுவதில்லை. டைட்டானியத்திலும் ஒட்டுவதில்லை! பசை போட்டு ஒட்டியதுபோல வேதிப் பிணைப்பு வேண்டுமென்றால் அதற்கு வேறு பொருள்கள் இருக்கின்றன. 1969-ல் லாரி ஹென்ச் அமெரிக்காவில் உருவாக்கிய பயோகிளாஸ் அப்படிப்பட்டது, எலும்பிலேயே இருக்கும் தாது வகையான ஹைட்ராக்ஸிஅபடைட் அப்படிப்பட்டது. டைட்டானியமும் ஜிர்கோனியாவும் எலும்போடு எந்த வேதிவினையும் செய்யாமல் சும்மா இருப்பவை. எலும்பு அவற்றின் மேடுபள்ளங்களுக்குள் வளர்ந்து, கடினப்பட்டு, பூட்டிக்கொள்கிறது. வழவழப்பான கான்கிரீட் தூணுக்கு மேல்பூச்சு பூசும் முன் கொத்தனார் அதைக் கொத்திவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொத்தாமல் பூசினால் பூச்சு பிறகு பொத்தென்று பெயர்ந்து வரும். கொத்தினால் சிமெண்ட் பள்ளங்களில் இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். தாடைக்குள் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே பூச்சு உயிருள்ளது, தானாக வளர்ந்து வருகிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. டைட்டானியம் உலோகத்தை எலும்பு தொடுவதே இல்லை. காற்றுப் பட்ட மறுகணமே டைட்டானியத்தின் மேல் ஒரு ஆக்ஸைடு படலம் உருவாகிவிடுகிறது. சில நானோமீட்டர் கனம்தான் இருக்கும். எலும்பு செல் தொட்டுப் பார்ப்பது அந்த டைட்டானியம் ஆக்ஸைடைத்தான், அதுவும் ஒரு பீங்கான் வகைப் பொருள்தான். ஆக, 60 வருடமாக எலும்பு "டைட்டானியத்தை ஏற்றுக்கொண்டது" என்று நாம் சொல்வதெல்லாம் மெல்லிய பீங்கான் தோலை ஏற்றுக்கொண்ட கதை. ஜிர்கோனியா என்பது ஜிர்கோனியம் உலோகத்தின் ஆக்ஸைடு, உள்ளும் புறமும் அதே. அதனால் "உலோகம் உடம்பில் சேரும், பீங்கான் சேராது" என்ற பேச்சுக்கும், விளம்பரங்களில் வருகிற "உலோகம் இல்லாதது, அதனால் எலும்புக்குப் பிடிக்கும்" என்ற பேச்சுக்கும் அடிப்படை ஒரே மாதிரி பலவீனமானது.

டைட்டானியம் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1952-ல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தில் செய்த சிறு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் கழற்ற வரவில்லை, எலும்பு இறுகிப் பிடித்திருந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கோத்தன்பர்க்கில் முதல் இம்ப்ளாண்டுகளை வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, 40 வருடத்துக்கு மேல், அவை அவர் வாயில் வேலை செய்தன. எலும்பும் இம்ப்ளாண்டும் நடுவே சதை இல்லாமல் நேரடியாகச் சேரும் இந்த நிலைக்கு பிரோனமார்க் வைத்த பெயர்தான் ஆஸியோஇன்டகிரேஷன்.

செராமிக் கதையும் அதே காலத்தில்தான் ஆரம்பித்தது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1960-களில் சுவிட்சர்லாந்தில் சாமி சாண்ட்ஹவுஸ் அலுமினியம் ஆக்ஸைடில் ஒரு திருகு செய்தார். 1970-களில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வில்லி ஷூல்ட்டே, அதே அலுமினாவில், பல் பிடுங்கிய குழியிலேயே உடனே வைக்கிற இம்ப்ளாண்டைக் கொண்டுவந்தார். அதன் உடம்பு முழுக்க எலும்பு புகுந்துகொள்வதற்காகச் சிறு குழிகள் இருந்தன. ஜப்பானில் ஒற்றைப் படிகச் செயற்கை நீலக்கல்லிலேயே இம்ப்ளாண்ட் செய்தார்கள், நீலக்கல்லும் அலுமினாதான். இவற்றையெல்லாம் எலும்பு ஏற்றுக்கொண்டது. பிரச்சினை, அவை உடைந்தன. மெல்லும் சுமையில் வளைந்து கொடுக்கத் தெரியாமல் பட்டென்று முறிந்தன. சந்தையிலிருந்து போனதற்குக் காரணம் அதுதான். "பீங்கான் சரிப்படாது" என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டதற்கு அந்தக் காலத்து முறிவுகள்தான் பெரும் காரணம் என்று நினைக்கிறேன். அதில் எலும்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சரி, இன்று வைக்கிற ஜிர்கோனியாவுக்கு வருவோம். அம்மாவின் தாடையில் டிரில் இறங்கும் நாளிலிருந்து பார்க்கலாம்.

டிரில் சுற்றும்போது எலும்பு சூடாகும். 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு செல்கள் சேதமாகின்றன என்று எரிக்ஸனும் ஆல்பிரெக்ட்ஸனும் 1983-ல் முயலில் காட்டினார்கள். வெந்நீரில் கை வைத்தால் தாங்குகிற சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால்தான் சலைன் பீய்ச்சிக்கொண்டே, நிதானமாக, கூர்மையான டிரில்லால் துளைக்கிறோம். செராமிக்கில் இன்னும் ஒரு எச்சரிக்கை உண்டு. டைட்டானியம் சூட்டைக் கொஞ்சமாவது கடத்திவிடும், ஜிர்கோனியா அதைவிடப் பல மடங்கு குறைவாகவே கடத்தும். இறுக்கமான எலும்பில் அவசரமாகத் திருகினால் உரசலில் வரும் சூடு எலும்பிலேயே தங்கிவிடும். நான் செராமிக் திருகை இறக்கும்போது நடுநடுவே நிறுத்துவேன். சில நோயாளிகள் "என்ன டாக்டர், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பார்கள். எலும்பு ஆறட்டும் என்று காத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இம்ப்ளாண்ட் குழிக்குள் இறங்கியதும் முதலில் அதைத் தொடுவது ரத்தம். சில நொடிகளுக்குள் ரத்தத்தில் உள்ள புரதங்கள், அதாவது ஆல்புமின், ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் போன்றவை மேற்பரப்பில் படிகின்றன. எலும்பு செல்கள் பின்னால் வந்து பிடித்துக்கொள்வது இந்தப் புரதப் படலத்தைத்தான், வெறும் ஜிர்கோனியாவை அல்ல. அதனால்தான் தண்ணீரை விரும்பும் மேற்பரப்பா, தள்ளும் மேற்பரப்பா என்பது முக்கியமாகிறது. ரத்தம் பட்டதும் பரவி நனைக்கிற மேற்பரப்பில் புரதங்கள் ஒழுங்காகப் படியும். பொட்டலத்திலிருந்து எடுத்த செராமிக் திருகில் ரத்தம் தானாக மரைகளில் ஏறிப் பரவுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஒரு திருப்தி வரும். கையுறை விரலால் அந்தத் திருகின் உடம்பை யாரும் தொடக்கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்து ரத்தக்கட்டு. தட்டணுக்கள் குவிந்து வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. ஃபைப்ரின் இழைகள் இம்ப்ளாண்டின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு எதிரே உள்ள எலும்புவரை வலைபோல் நீள்கின்றன. எலும்பாக மாறப்போகும் மூலச்செல்கள் இந்த இழைகளைப் பிடித்துக்கொண்டுதான் இம்ப்ளாண்டை நோக்கி வருகின்றன. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால், செல் பிடித்து இழுக்கும்போது இழை இம்ப்ளாண்டிலிருந்து விட்டுப்போகும். செல் பாதி வழியிலேயே நின்று, அங்கேயே எலும்பு கட்டத் தொடங்கிவிடும். அப்போது எலும்பு குழியின் சுவரிலிருந்து மட்டும் மெதுவாக இம்ப்ளாண்டை நோக்கி வர வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் இழை பிடி தளராது, செல்கள் இம்ப்ளாண்டின் மேலேயே வந்து உட்கார்ந்து அங்கிருந்தும் எலும்பு கட்டும். இரண்டு பக்கமிருந்தும் பாலம் கட்டினால் வேலை சீக்கிரம் முடியும், இல்லையா?

இதற்கிடையே நோய் எதிர்ப்புச் செல்களின் வேலையும் நடக்கிறது. முதல் நாட்களில் நியூட்ரோஃபில்களும் மேக்ரோஃபேஜ்களும் வந்து, டிரில் விட்டுப்போன எலும்புத் தூளையும் இறந்த செல்களையும் துப்புரவு செய்கின்றன. இந்த மேக்ரோஃபேஜ்களுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று சண்டைக்கு நிற்கும் முகம், இன்னொன்று காயம் ஆற்றும் முகம். சண்டை முகம் சரியான நேரத்தில் ஆற்றும் முகமாக மாறினால் எலும்பு வரும், மாறாமல் நீண்டால் சதை வரும். ஆஸியோஇன்டகிரேஷன் என்பதே ஒரு வகை அந்நியப் பொருள் எதிர்வினைதான், வெளியே தள்ள முடியாத பொருளை உடம்பு எலும்பால் சுவர் கட்டி ஒதுக்கிவைக்கிறது, அந்தச் சமாதானம் நீடிக்கும்வரை இம்ப்ளாண்ட் நீடிக்கும் என்று டோமாஸ் ஆல்பிரெக்ட்ஸன் பின்னாளில் வாதிட்டார். பிரோனமார்க்குடன் ஆரம்ப நாட்களிலிருந்து வேலை செய்தவரே இப்படிச் சொன்னது பலருக்கு அதிர்ச்சி. எனக்கு இந்தப் பார்வை சரியென்றே படுகிறது. நன்றாகப் பிடித்த இம்ப்ளாண்டைச் சுற்றிச் சில வருடம் கழித்து எலும்பு ஏன் கரைகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. செராமிக்குக்கும் இது பொருந்தும். அது "இயற்கையானது", உடம்பு அதைத் தன்னுடையதாக நினைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் வாரம் முடியும்போது ஆஸ்டியோபிளாஸ்ட்கள், அதாவது எலும்பு கட்டும் செல்கள், அவசர எலும்பைப் பின்னத் தொடங்கியிருக்கும். ஒழுங்கில்லாத, பஞ்சு போன்ற எலும்பு இது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல. பிறகு ஆஸ்டியோகிளாஸ்ட்கள் இந்தச் சாரத்தையும், டிரில் பட்டு இறந்த பழைய எலும்பையும் தின்றுகொண்டே போக, அவற்றின் பின்னால் அடுக்கடுக்கான உறுதியான எலும்பு வருகிறது. இந்தக் கைமாற்றத்தில்தான் ஒரு ஆபத்தான இடைவெளி உண்டு. வைத்த அன்று இம்ப்ளாண்டைப் பிடித்திருப்பது பழைய எலும்பின் இறுக்கம். அந்தப் பழைய எலும்பு கரையத் தொடங்கி, புதிது இன்னும் போதிய பலம் பெறாத இரண்டாவது முதல் நான்காவது வாரம்வரை இம்ப்ளாண்டின் பிடிமானம் குறைந்திருக்கும். வலி போயிருக்கும், வீக்கம் போயிருக்கும், நோயாளிக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். உள்ளே அப்போதுதான் மிகப் பலவீனம்.

மனிதர்களிலேயே இதை அளந்திருக்கிறார்கள். தன்னார்வலர்களின் தாடையில் மிகச் சிறிய டைட்டானியம் இம்ப்ளாண்டுகளை வைத்து, வெவ்வேறு வாரங்களில் சுற்றியுள்ள எலும்போடு எடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. நிக்லாஸ் லாங் குழுவினர் செய்தது. 2 வாரத்தில் மேற்பரப்பில் 12 முதல் 15 சதவீதம்தான் புது எலும்பு தொட்டிருந்தது. 6 வாரத்தில் 62 சதவீதம். மொத்த வித்தியாசமும் அந்த ஒரு மாதத்தில்தான்.

ஜிர்கோனியாவில் எப்படி? ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ரால்ஃப் கோஹல் குழுவினர் 2004-ல் குரங்குகளின் மேல் முன்தாடையில் இரண்டையும் வைத்து, பல் கட்டி, மெல்லவும் விட்டு ஒப்பிட்டார்கள். எலும்புத் தொடர்பு டைட்டானியத்தில் சுமார் 73 சதவீதம், ஜிர்கோனியாவில் சுமார் 67. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. நூறு சதவீதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம், எந்த இம்ப்ளாண்டிலும் நூறு வருவதில்லை. மீதி இடங்களில் மஜ்ஜை இருக்கும், ரத்தக் குழாய்கள் இருக்கும். எலும்பு உயிரோடு இருக்க அவை வேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். மேற்படிப்பு காலத்தில் ஒரு முயல் ஆய்வின் மாதிரிகளை அறுக்கும் வேலை எனக்கு வந்தது. சாதாரணத் திசுவை மெழுகில் வைத்துச் சீவுவதுபோல இதைச் சீவ முடியாது. எலும்பும் இம்ப்ளாண்டும் சேர்ந்த துண்டைப் பிசினில் உறையவைத்து, தண்ணீர் கொட்டக் கொட்ட வைர ரம்பத்தால் அறுத்து, பிறகு காகிதத்தைவிட மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். டைட்டானியம் மாதிரி ஒரு வழியாக முடிந்தது. ஜிர்கோனியாவை அறுக்க அரை நாள் போனது, ஒரு வட்ட ரம்பமும் வீணானது. கடைசியில் நீலச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, வெளியே பளீரென்று வெள்ளையாக இருந்த திருகு, கீழிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துக் கன்னங்கரேலென்று ஒரு நிழலாக நின்றது. அதன் மரைகளின் உள் வளைவுகளில் அடர்நீலமாகப் புது எலும்பு. கொஞ்சம் தள்ளி வெளிறிய நீலத்தில் பழைய எலும்பு. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல எல்லை தெரிந்தது. ஒரு மரையின் அடியில் புது எலும்பு கறுப்பு விளிம்பை இடைவெளியே இல்லாமல் தொட்டுக்கொண்டு, சின்னச் சின்னக் குழிகளுக்குள் தன் செல்களோடு உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, "இதில் எது டைட்டானியம், எது செராமிக் என்று பெயர்ச்சீட்டைப் பார்க்காமல் எலும்பை மட்டும் வைத்துச் சொல்லு பார்ப்போம்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த மாதிரிகள் எல்லாம் சொரசொரப்பாக்கப்பட்டவை. வழவழப்பான ஜிர்கோனியா என்றால் கதை வேறு. 2005-ல் லார்ஸ் சென்னர்பி குழுவினர் முயலில் பார்த்தபோது, மேற்பரப்பை மாற்றியமைத்த ஜிர்கோனியாவைத் திருகிக் கழற்ற, வெறுமனே கடைந்த ஜிர்கோனியாவைப் போல 4 முதல் 5 மடங்கு விசை தேவைப்பட்டது. 2007-ல் கால்ர்ட் குழுவினர் சிறுவகைப் பன்றிகளில் பார்த்தார்கள். கடைந்த ஜிர்கோனியா சராசரியாக 26 நியூட்டன் சென்டிமீட்டர் திருகுவிசையில் கழன்றது, மணல் வீசிச் சொரசொரப்பாக்கியது 40-ல், மணல் வீசி அமிலத்தில் அரித்த டைட்டானியம் 105-ல். அன்று ஜிர்கோனியா பின்தங்கித்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை. பிறகு அதே குழுவினர் அமிலத்தில் அரித்த ஜிர்கோனியாவை வைத்துப் பார்த்தபோது எலும்புத் தொடர்பில் டைட்டானியத்தோடு குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2007-க்கும் இன்றைக்கும் இடையே எலும்பு மாறவில்லை, மேற்பரப்பைத் தயாரிக்கும் கை மாறியிருக்கிறது.

அந்தத் தயாரிப்பு ஏன் இவ்வளவு சிரமம் என்பதைப் புரிந்துகொள்ள ஜிர்கோனியாவின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சூட்டைப் பொறுத்து ஜிர்கோனியாவின் படிகங்கள் மூன்று வடிவம் எடுக்கும். அறை வெப்பத்தில் இயல்பான வடிவம் மோனோகிளினிக். சுமார் 1170 டிகிரிக்கு மேல் டெட்ராகோனல். அதில் கொஞ்சம் இட்ரியம் ஆக்ஸைடைக் கலந்தால், ஆறின பிறகும் டெட்ராகோனல் வடிவத்திலேயே அடக்கிவைக்கலாம். இப்போது ஒரு விரிசல் வந்தால், அதன் நுனியில் உள்ள படிகங்கள் மோனோகிளினிக்காக மாறி, சுமார் 4 சதவீதம் பெருத்து, விரிசலின் வாயைத் தாங்களே நெருக்கி மூடுகின்றன. 1975-ல் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ மூவரும் இதை விளக்கி எழுதிய கட்டுரைக்கு "பீங்கான் எஃகா?" என்ற பொருளில்தான் தலைப்பே வைத்தார்கள். பீங்கான்களில் இதற்கு நிகரான பிடிவாதக்காரன் குறைவு. அலுமினா இம்ப்ளாண்டுகள் முறிந்த இடத்தில் ஜிர்கோனியா தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

இந்த வரத்திலேயே ஒரு சாபமும் இருக்கிறது. மணல் வீசினாலும், ஈரத்தில் வருடக்கணக்கில் இருந்தாலும், மேற்பரப்புப் படிகங்கள் விரிசல் எதுவும் இல்லாமலே மாறத் தொடங்கலாம். 2001-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் ஜிர்கோனியா இடுப்பு மூட்டுப் பந்துகள் குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கில் உடைந்து உலகமெங்கும் திரும்பப் பெறப்பட்டன. சுடும் சூளையை மாற்றியதில் படிக அமைப்பு கெட்டுப்போனதுதான் காரணம். ஆகவே மேற்பரப்பை எலும்புக்காகச் சொரசொரப்பாக்க வேண்டும், ஆனால் உள்ளே பலத்தைக் கெடுக்காமல் செய்ய வேண்டும். 1 முதல் 2 மைக்ரான் அளவிலான மேடுபள்ளம்தான் எலும்புக்குப் பிடித்த அளவு என்று பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் மணல், அமிலம், மறுபடி சூடேற்றுதல் என்று வரிசையாகச் செய்து இதை எட்டுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிற பெயர் தெரியாத செராமிக் திருகை நான் வைக்காததற்குக் காரணம் எலும்பைப் பற்றிய பயம் மட்டுமல்ல, அந்தச் சூளையைப் பற்றிய பயமும்தான்.

விறைப்பு பற்றியும் சிலர் கேட்பதுண்டு. ஜிர்கோனியாவின் விறைப்பு சுமார் 210 ஜிகாபாஸ்கல், டைட்டானியம் 110 அளவில், தாடையின் கெட்டி எலும்பு 15 பக்கத்தில். இரண்டுமே எலும்பைவிட எவ்வளவோ விறைப்பு. இதனால் செராமிக்கைச் சுற்றி எலும்பு தனியாகக் கரையும் என்பதற்கு நோயாளிகளில் நான் எதையும் பார்க்கவில்லை, இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். செராமிக் இம்ப்ளாண்டுகளில் பல ஒரே துண்டாக வருபவை. எலும்புக்குள் இருக்கும் திருகும், ஈறுக்கு வெளியே கேப் மாட்டும் தலையும் ஒன்றே. டைட்டானியத்தில் திருகை ஈறுக்கு அடியில் புதைத்துத் தையல் போட்டு, மூன்று மாதம் யாரும் தொடாதபடி விட்டுவிடலாம். ஒரே துண்டு செராமிக்கில் தலை முதல் நாளிலிருந்தே வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு அதை விடாது. சாப்பாடு அதை விடாது. சுமார் 50 முதல் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு ஆடினால்கூட, ஃபைப்ரின் வலை அறுந்து எலும்புக்குப் பதில் நார்ச்சதை வந்துவிடும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. நாற்பது வயதுக்காரர், மேல் கடைவாய்க்கு முந்தைய பல், ஒரே துண்டு செராமிக். வைத்த அன்று அருமையான இறுக்கம். ஐந்தாவது வாரம் பார்க்க வந்தார், வலி ஒன்றுமில்லை என்றார். கண்ணாடிக் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். எலும்பு பிடித்த இம்ப்ளாண்ட் "டிங்" என்று தெளிவாகக் கேட்கும், இது "டொப்" என்றது. இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன், சுற்றியது. மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் கழன்று வந்தது. அந்த வெள்ளைத் திருகின் மேல் மினுமினுப்பாக, இளஞ்சிவப்பாக மெல்லிய சதை உறை. பிறகுதான் சொன்னார், தீபாவளி வாரத்தில் அந்தப் பக்கமே முறுக்கு கடித்திருக்கிறார். தப்பு அவருடையது என்று நான் சொல்லமாட்டேன். முதல் நாளே பக்கத்துப் பல்லைத் தாண்டாத ஒரு காப்பு உறை போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், எதைக் கடிக்கக்கூடாது என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். குழி ஆறிய பிறகு மறுபடி வைத்தோம், இந்த முறை உறையோடு. பிடித்துக்கொண்டது. அவருடைய எலும்பும் அதேதான், திருகும் அதே வகைதான்.

நீண்டகாலக் கணக்கில் ஜிர்கோனியாவின் நிலை என்ன? 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஒரு வருடம் கழித்து 95.6 சதவீத இம்ப்ளாண்டுகள் வாயில் இருந்ததாகவும், விளிம்பு எலும்பு, அதாவது ஈறுக்கு அடியில் திருகின் மேல்பக்கத்தைச் சுற்றியிருக்கும் எலும்பு, சராசரியாக 0.79 மில்லிமீட்டர் குறைந்ததாகவும் சொல்கிறது. முதல் வருடத்தில் விளிம்பில் கொஞ்சம் எலும்பு இறங்குவது டைட்டானியத்திலும் நடப்பதுதான். அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது 1986-லிருந்து இருக்கிற அளவுகோல். ஆனால் டைட்டானியத்துக்கு லார்சனைப்போல 40 வருட சாட்சிகள் உண்டு, ஜிர்கோனியாவுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. மெல்லிய திருகுகள் முறிந்த வரலாறும் இருக்கிறது. 2012-ல் வெளியான ஆய்வில் 170 ஜிர்கோனியா இம்ப்ளாண்டுகளில் 13 முறிந்தன, 12 மெல்லிய ரகம், 3.25 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. எலும்பு அவற்றையும் கெட்டியாகப் பிடித்துத்தான் இருந்தது. முறிந்த மிச்சத்தை எடுக்க எலும்பைத் துளைக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அதில் கொடுமை.

ஈறு விஷயத்தில் செராமிக்குக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. 2004-ல் மனித வாய்களிலேயே செய்த ஒரு சோதனையில் ஜிர்கோனியா தகட்டின் 12.1 சதவீதப் பரப்பில்தான் கிருமிகள் படிந்தன, டைட்டானியத்தில் 19.3 சதவீதம். கிருமி குறைந்தால் ஈறு அமைதியாக இருக்கும், ஈறு அமைதியாக இருந்தால் அதன் அடியில் எலும்பு பத்திரம். ஆனால் கேப்பை ஒட்டும் சிமெண்ட் ஈறுக்கு அடியில் கொஞ்சம் தங்கிவிட்டால் இந்த நன்மை முழுவதும் வீண். ஒரே துண்டு இம்ப்ளாண்டுகளில் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். மேல் முன்பல், ஈறு மெல்லியதாக இருந்து உலோகத்தின் சாம்பல் நிழல் தெரியுமோ என்ற கவலை இருந்தால், செராமிக் நல்ல தேர்வு. டாக்டர் சொல்வதில் தப்பில்லை. இரவில் பல் கடிக்கிற பழக்கம் இருந்தாலோ, இடம் குறுகி மெல்லிய திருகுதான் போகும் என்றாலோ நான் டைட்டானியத்துக்குப் போவேன். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7 பக்கத்தில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எலும்பு கட்டும் செல்களுக்கு அதிகச் சர்க்கரை ஆகாது. புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் அதேதான்.

டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இது ஒரே துண்டா, இரண்டு துண்டா? விட்டம் எவ்வளவு? ஒரே துண்டு என்றால் முதல் ஆறு முதல் எட்டு வாரம் அந்தத் தலையை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள்? மூன்றாவதற்குத் தயங்காமல் பதில் வந்தால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். வலி போன பிறகு, முக்கியமாக மூன்றாவது வாரம், நாக்கு நுனியால் அதைத் தள்ளிப் பார்க்கும் ஆசை வரும். அந்த ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.